லவோனுக்கு அனுப்பாத மீன்

அன்புள்ள தங்கை லவோனுக்கு,

அக்கா ரோவீனா எழுதுவது. நானும் உன் அத்தான் எல்வினும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். உனக்கு ஏழாம் மாதம் என்று படித்ததும் அவர் உன் கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கித் தானும் ஒருமுறை படித்தார். வாந்தி நின்றது நல்லதாயிற்று. வின்னிபெக்கில் எதைத் தின்றாலும் அட்டைப்பெட்டியைத் தின்பதுபோல இருக்கிறது, நம் ஆற்றுப் புகை மீன் அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். பிரசவத்துக்கு இங்கே வருகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை தாமதம்.

இங்கே ஏரி ஓரமாக உறைய ஆரம்பித்துவிட்டது. படகு நின்றது, உறைந்த ஏரிமேல் பனிச்சாலை போட இன்னும் நாளாகும். விமானம் வந்தால்தான் தபாலும் தக்காளியும்.

அத்தானுக்கு வேலை போனது உனக்குத் தெரியும். சுரங்கத்தில் லாரிகள் இப்போது ஓட்டுநர் இல்லாமல் தாமாகவே ஓடுகின்றன. தார் மண்ணை வெந்நீரில் அலசி எண்ணெய் எடுக்கிற செலவு கட்டுபடியாகவில்லை, ஆளைக் குறைத்தால்தான் ஆகும் என்றார்களாம். விலை நன்றாக ஏறியிருந்த காலத்திலும் இதே பாட்டுத்தான் பாடினார்கள். மனிதர் பெட்டியோடு வந்து, "போனா போகுது, ஆறு இருக்குல்ல. அதுக்கு முதலாளி கிடையாது" என்று சிரித்தார். பரணிலிருந்த வலைகளை இறக்கிக் கிழிசல் தைத்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து மாதத்தில் பாதி அவர் கம்பெனி முகாமில்தானே தூங்கினார்.

கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்கு முதல் வலை மீன் போக வேண்டும் அல்லவா? நம் வீட்டுக் கர்ப்பிணி இந்த வருடம் நீதான். முதல் வலையில் விழுந்த வெள்ளை மீன்களை அத்தான் யாருக்கும் தரவில்லை. பிளந்து, கீறி, புகைக்கூடத்தில் தனியாகத் தொங்கவிட்டார். நான் ஒரு வால் துண்டைப் பிய்க்கப் போனேன். "அது லவோனோடது. கைய எடுடி" என்று அதட்டினார். எனக்கு இப்படி ஒரு நாளாவது மீன் காய வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பார்.

பிறகுதான் ஊர்க் கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். சுரங்கத்துக் கழிவு நீர்க் குளத்தின் கரையடியில் கசிவாம். கசிந்தது ஓடை வழியாக ஆற்றில் சேர்ந்திருக்கலாமாம். எப்போதிலிருந்து என்று கேட்டோம். போன குளிர்காலத்திலிருந்து என்றான். கோடை முழுக்க நாங்கள் பிடித்தோம், தின்றோம், வீடு வீடாகக் கொடுத்தோம். அகஸ்டின் கிழவர்தான் எழுந்து, "குளத்துல வாத்து எறங்கக் கூடாதுன்னு பீரங்கி வெடிக்கிறீங்களே தம்பி, மீனுக்கு யாரு வெடிக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று அந்தப் பையன் தாளைப் பார்த்துப் படித்தான். விருந்தாளிக்கு முதல் தட்டு என்கிற பழக்கத்தை விட முடியுமா? அத்தான் பிடித்த மீனையே வைத்தோம். அவன் முள்ளை உறிஞ்சித் தின்று, "ரொம்ப நல்லாருக்குங்க" என்றான். மறுப்பான், நாலு வார்த்தை திட்டலாம் என்று காத்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், கொடுத்த தாளை நம்புகிற பிள்ளை. ஆனால் அவன் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மாலை விமானத்தில் போய்விட்டான்.

சித்தி மகள் டெலோரஸ் இப்போது ஊர்க் கவுன்சிலில் இருக்கிறாள். எண்ணெய்க் குழாயில் நம் சமூகத்துக்குப் பங்கு வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. பங்கை விற்றுவிட்டுக் கம்பெனிமேல் வழக்குப் போடு என்று சண்டைக்குப் போனேன். "வித்துட்டா அந்தக் காசுல நடக்கிற டயாலிசிஸ் அறைய மூடணும். நீ வந்து பூட்டு போடுறியா?" என்று கேட்டாள். சுரங்கம் நின்றால் மட்டும் குளங்கள் வற்றிவிடுமா என்கிறாள். பெரிய கம்பெனி சின்னக் கம்பெனி தலையில் கட்டிவிட்டுப் போகும், சின்னது திவாலாகும், சுத்தம் செய்ய ஒதுக்கிய பணம் ஒரு குளத்தின் மூலைக்கும் காணாதாம். அதனால் ஊரே இப்போது எண்ணெய் விலை ஏறட்டும் என்று டிவி முன் உட்கார்ந்திருக்கிறது, ஹாக்கி ஆட்டம் பார்ப்பதுபோல. நானும்தான் பார்க்கிறேன் லவோன். ஏறினால் பயமாக இருக்கிறது, இறங்கினாலும் பயமாக இருக்கிறது.

போன வாரம் அத்தான் உன் மீனைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, முகவரி எழுதி, கயிறும் கட்டிவிட்டார். காலையில் பார்த்தால் அவரே கயிற்றை அறுத்து மீனை வெளியே எடுத்திருந்தார். "இந்த வருசம் மீன் சரியா படலைன்னு எழுதிடு" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. முதல் பொய்யை என் கையால் எழுதச் சொல்கிறார். என்னால் முடியவில்லை.

பார்சலில் இருப்பது கடை டின் மீன். எங்கேயோ ஒரு கடலில் பிடித்தது. உன் மீனை நாங்கள் தின்றுகொண்டிருக்கிறோம். எறிய மனம் வரவில்லை. எங்களுக்கு வயதாயிற்று, இனி என்ன.

நீ ஒரு உதவி செய். அத்தான் போன் செய்தால் எதையும் கேட்காதே. மீன் வந்தது, நன்றாக இருந்தது, எல்லாவற்றையும் நானே தின்றுவிட்டேன் என்று சொல். டின் என்று சொல்லாதே. பொய் என்று அவருக்கும் தெரியும், இருந்தாலும் உன் வாயால் ஒருமுறை கேட்கட்டும்.

குழந்தை சுகமாகப் பிறக்கட்டும். உன்னைப்போல் வாயாடியாகப் பிறக்கட்டும். அங்கேயே பிறக்கட்டும்.

உன் அக்கா,
ரோவீனா