காவல் நிலையத்துப் பலகை

ஜனவரி 9

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாம் வழக்கம்போல. கடையைத் திறக்கிறேன், சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், தூக்கமும் வருகிறது. தூக்கம் வருகிறதே என்றுதான் சில நாள் வெட்கமாக இருக்கிறது.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. போனை எடுத்தாலே நீ அழுகிறாய். நீ அழுதால் எனக்கு வாய் கட்டிப்போகிறது. பிறகு இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கு எதற்கு போன்?

உன் மனைவியின் அண்ணன் யாரோ ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டும் என்று, நடந்ததைக் கோர்வையாக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். போன ஜூன் மாதம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பலகை எழுதும் நம் கடைக்கு வந்தார். தன் காலி மனையில் வைக்க ‘இந்த இடம் விற்பனைக்கு இல்லை’ என்று ஒரு பலகை கேட்டார். எப்போதும்போல உன் அண்ணன் நடுவன் சாக்கட்டியால் கோடு போட்டான், நான் வண்ணம் நிரப்பினேன். அவனே கொண்டுபோய் நட்டுவிட்டு வந்தான். மறுநாள், அந்த மனையை வளைக்கப் பார்த்த கட்டடக் கான்ட்ராக்டரின் ஆட்கள் வந்து பலகையைப் பிடுங்கச் சொன்னார்கள். “எழுதுறதுதாங்க நம்ம தொழில், பிடுங்குறது இல்ல” என்று இவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்த வாய் அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு, உனக்குத் தெரியாததா. அந்த வாரமே மரக்கிடங்குக்குப் பின்னால் பின்மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் ஓர் ஏணி கிடந்தது. ஏணியிலிருந்து விழுந்திருக்கிறான் என்றது போலீஸ். நம் ஏணி அப்போது கடைச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. அப்படியானால் அங்கே கிடந்தது யாருடைய ஏணி? நான் கேட்ட ஒரே கேள்வி இதுதான். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தரவில்லை. போன வாரமும் போனேன். ஏட்டையா என்னைப் பார்த்ததும், “மறுபடியுமாம்மா? விசாரணை ரகசியம்மா. வெளியில சொன்னா குத்தவாளி உஷாராயிடுவான்” என்றார்.

“குத்தவாளி யாருன்னு தெரிஞ்சுடுச்சா சார்?”

“அதுவும் ரகசியம்தான்.”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவருக்கும் வந்தது. திரும்பி நடந்து வந்தேன். இப்படித்தான் இருக்கிறேன். உன் மனைவியின் உடம்பு எப்படி இருக்கிறது? வாந்தி நின்றதா?

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலை முடிந்து வரும்போது பேருந்திலேயே நின்றபடி படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய்விட்டது. திரும்பி நடந்து வரும்போது வழியெல்லாம் அந்த ஏட்டையாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். இந்த ஊர்க்காரர்களுக்கு நம் மொழி தெரியாதது நல்லதாகப் போயிற்று.

நீ எல்லாவற்றையும் இப்படி அமைதியாக எழுதுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு தரமாவது கத்து அக்கா. விடவே விடாதே. அழுத பிள்ளைக்குத்தான் பால். தினமும் போய் நில். அவர்கள் வாசலில் உட்கார். நடுவனுக்கு நியாயம் கிடைக்காமல் நாம் இரண்டு பேரும் சோறு தின்பதில் அர்த்தமே இல்லை. நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் அந்தக் கான்ட்ராக்டரின் சட்டையைப் பிடித்திருப்பேன்.

நீ எழுதியதை மச்சானிடம் அனுப்பிவிட்டேன். வக்கீல் படித்துவிட்டு, கொலை வழக்கு என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் போதும், பிறகு மேலே போகலாம் என்றாராம். அந்த ஒரு சொல்லை அவர்கள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இங்கே நான் வேலை செய்யும் கிடங்கில் என் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் நம் ஊர்க் காவல் நிலையத்தின் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டுமாம். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். நீ போகும்போது அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது எந்நேரமும் பசி. பெண்தான் பிறக்கும் என்கிறாள். பிறந்தால் உன் மூக்கு வரக்கூடாது என்று இருவரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒழுங்காகச் சாப்பிடு.

என்றும் உன் சின்னவன்


பிப்ரவரி 15

அன்புள்ள சின்னவனுக்கு,

என் மூக்குக்கு என்ன குறைச்சல்? அந்த மூக்கை வைத்துத்தான் உங்கள் இருவரையும் வளர்த்தேன்.

நீ சொன்னபடி தினமும் போய் நின்றேன். வாசலில் உட்காரத் தேவையே வரவில்லை. இன்ஸ்பெக்டரே உள்ளே கூப்பிட்டார். “வருஷக் கணக்குப் பலகையை எழுதணும்மா. அடுத்த மாசம் மேலதிகாரி ஆய்வுக்கு வர்றார். போன வருஷம் வரைக்கும் உன் தம்பிதான் எழுதினான். நல்ல கை அவனுக்கு” என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். நானும் ஒரு மாற்றமும் இல்லாமல் சரி என்றேன். உள்ளே நுழைவதற்கு வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

நீ பார்த்திருப்பாய், நிலையத்துக் கூடத்தில் தொங்குமே, கறுப்புப் பலகை. அந்த வருடம் எத்தனை திருட்டு, எத்தனை வழிப்பறி, எத்தனை கொலை என்று வெள்ளையில் எழுதியிருக்கும். கோடு போட எனக்குக் கை வராது என்பது உனக்குத் தெரியும். இரண்டு தரம் அழித்துப் போட்டேன். நிலையத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். திருட்டு சொன்னார், எழுதினேன். வழிப்பறி சொன்னார், எழுதினேன்.

“கொலை சார்?”

“பூஜ்யம்.”

தூரிகையை டப்பாவிலேயே வைத்துவிட்டேன். “என் தம்பி சார்?”

“அது சந்தேக மரணம்மா. இந்தக் கணக்குல வராது.”

“எந்தக் கணக்குல வரும்?”

“அதுக்குப் பலகை இல்லம்மா.”

அவர் கெட்டவர் இல்லை, சின்னவனே. எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார். குடித்தேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்து பக்கத்தில் நின்றார். “இன்னொரு தம்பி வெளிநாட்டுல இருக்கானாமே? அவன் சர்டிபிகேட் என் மேஜையிலதான் கிடக்கு. பலகை முடியட்டும், கையெழுத்துப் போட்டுடறேன். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சுடும் பாரு” என்றார். மிரட்டவில்லை. கடைக்காரர் கணக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

மற்றதெல்லாம் காயட்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லி அந்த ஓர் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு வந்திருக்கிறேன். ஒன்று என்று எழுதினால் உன் பிழைப்பு போகும். பூஜ்யம் என்று எழுதினால், அவன் கொல்லப்படவே இல்லை என்று என் கையாலேயே எழுதிக்கொடுத்தது ஆகும். உன்னைக் கேட்காமல் எதையும் செய்ய மனம் வரவில்லை. நீ சொல்.

உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். இங்கே குளிர் விடவில்லை. கிடங்கில் புது மேஸ்திரி வந்திருக்கிறார், சிடுமூஞ்சி. ஒப்பந்தம் முடிகிற ஆட்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு, காகிதம் வந்ததா என்று கேட்கிறார். என்னையும் கேட்டார். வரும் என்றேன்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து எத்தனையோ தரம் எழுந்துவிட்டேன். என்னைக் கேட்டிருக்க வேண்டாம் நீ. இப்படி எழுது என்று நான் எப்படிச் சொல்வேன்? நீயே பார்த்துச் செய். நீ எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் யோசித்துப் பார். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் நடுவன் எழுந்து வரப்போவதில்லை. அடுத்த வருடம் எப்படியும் அதை அழித்துவிட்டு வேறு எண் எழுதத்தான் போகிறார்கள். அது ஒரு பலகை அக்கா. கோர்ட்டுத் தீர்ப்பா என்ன? மூன்று மாதத்தில் இங்கே குழந்தை பிறந்துவிடும். இந்த நேரத்தில் இவளை அழைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது? வழக்கை நாம் விட வேண்டாம். கொஞ்சம் தள்ளிப்போடுவோம், அவ்வளவுதான். நான் இங்கே காலூன்றிவிட்டால், பிறகு பெரிய வக்கீலாகவே வைக்கலாம்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

சின்னவன்


மார்ச் 14

அன்புள்ள சின்னவனுக்கு,

பூஜ்யம் எழுதிவிட்டேன். நானே கோடு போட்டு நானே நிரப்பினேன். கொஞ்சம்கூடக் கோணவில்லை. அழகாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். சொன்ன வாக்கையும் காப்பாற்றினார். உன் சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. மடங்காமல் இருக்க அட்டை வைத்திருக்கிறேன்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி முத்திரை விழுந்ததும் உடனே எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டால்கூடப் பரவாயில்லை, அதை மட்டும் எழுது.

உன் அக்கா


மார்ச் 24

என் அன்பு அக்காவுக்கு,

முத்திரை விழுந்துவிட்டது! மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை. அந்தச் சிடுமூஞ்சி மேஸ்திரியே கை கொடுத்தார். இவள் உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பல நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் எனக்குச் சோறு உள்ளே இறங்கியது.

நீ எனக்கு அம்மாவுக்கும் மேல். பூஜ்யம் எழுதும்போது உன் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வருத்தப்படாதே அக்கா. நடுவன் உயிரோடு இருந்திருந்தால் அவனும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பான்.

குழந்தை பிறந்ததும் படம் அனுப்புகிறேன். அடுத்த வருடம் மூன்று பேருமாக வந்து உன் கடையில் உட்கார்ந்து உன்னைத் தொந்தரவு செய்யப்போகிறோம்.

என்றும் உன் சின்னவன்


ஏப்ரல் 20

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். முத்திரை விழுந்த காகிதத்தை இனி இங்கிருந்து யாராவது கெடுக்க முடியுமா என்று உன் மச்சானின் வக்கீலிடமும் கேட்டுக்கொண்டேன். அவ்வளவு சுலபமாக முடியாது என்றார்.

பலகையில் கொலைக்கான அந்த இடத்தில் நான் முதலில் எழுதியது ‘ஒன்று’ என்ற எண். சீக்கிரம் காயும் நல்ல எனாமல் பெயின்டில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் குறைவு. காவலுக்கு இருந்த பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது காய்ந்த பிறகு, மேலே கறுப்புப் பொடி வண்ணத்தைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, பூஜ்யத்தையும் பொடி வண்ணத்திலேயே எழுதினேன். எனாமலின் மேல் தண்ணீர் வண்ணம் ஒட்டாது, ஈரம் பட்டால் போய்விடும். தேர்தல் நேரத்தில் ஒரே பலகையை இரண்டு கட்சிக்கு எழுதிக்கொடுக்க நாங்கள் செய்கிற வேலைதான். இதை உனக்கு முன்பே எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ பயந்திருப்பாய். உன் கடிதம் வருவதற்குள் யாராவது ஈரத்துணியை எடுத்துவிடுவார்களோ என்று நானும் பயந்தேன். ஏதாவது சாக்கு வைத்துத் தினமும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆய்வு தள்ளிப்போய், போன புதன்கிழமைதான் அதிகாரி வந்தார். காலையில் இன்ஸ்பெக்டர், “பலகையைத் துடைச்சுப் பளிச்சுனு வச்சிடும்மா” என்றார். வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் துடைத்தேன். இன்ஸ்பெக்டர் பார்த்தார். கைக்குட்டையால் தேய்த்தார். எனாமல் போகுமா? அதிகாரி உள்ளே வந்து, பலகையைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த காகிதத்தையும் பார்த்தார்.

“கொலை ஒண்ணுன்னு போட்டிருக்கு? ரிப்போர்ட்ல இல்லையே. இது எந்தக் கேஸ்?”

“என் தம்பி கேஸ் சார்” என்றேன். ஏணியைப் பற்றியும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அன்றைக்கு முழுவதும் என்னை ஓரமாக உட்கார வைத்தார்கள். அரசாங்கப் பலகையைக் கெடுத்ததாக என் மேல் ஒரு வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் நடுவனின் கோப்பை அதிகாரி வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்த வாரம் வேறு பிரிவிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். கொலை வழக்காக மாற்றியிருக்கிறார்களாம். அந்தச் சொல்லை ஒருவர் வாயால் சொல்ல முதன்முதலாகக் கேட்டேன். நம் ஏணியை அளந்து படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் கைதாகவில்லை. கான்ட்ராக்டர் அதே காரில்தான் போகிறார். நேற்று யாரோ கடை வாசலில் இருந்த பெயின்ட் டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கழுவிவிட்டேன்.

இப்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவி, சோறு வைத்துச் சாப்பிட்டேன்.

நீ கேட்டது கிடைத்தது. அதற்காக நீ நன்றி சொல்ல வேண்டாம். நீ பயந்ததும் எனக்குப் புரிகிறது. பிள்ளை வரப்போகிற வீட்டில் யாருக்குத்தான் பயம் இருக்காது? ஆனால் நடுவனும் இதைத்தான் சொல்லியிருப்பான் என்று எழுதினாய். அதை எழுதியிருக்க வேண்டாம்.

வந்தவர்கள் வாக்குமூலம் வாங்கும்போது, கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். நான் ஒருத்திதான் என்று சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன், எந்தக் காகிதத்திலும் நீ வர வேண்டாம் என்று. எழுதிக்கொண்டு, படித்துக் காட்டினார்கள். கேட்கும்போது பொய் சொன்னதாகவே எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்.

அக்கா