ஐந்தாம் எண்ணுக்கு எதிரே

நேற்று மத்தியானம் என் போனுக்கு ஒரு படிவம் வந்தது. இந்த வயதில் நான் மறுபடியும் மாணவி ஆகியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. நீ போன பிறகுதான் சேர்ந்தேன். இந்தத் தீவிலிருந்தபடியே, மெயின்லாண்டில் இருக்கும் ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் சிரித்து முடித்துவிட்டு நீயும் சேர்ந்திருப்பாய். பல்கலைக்கழகத்தின்மேல் எனக்கு எவ்வளவு திருப்தி என்று அந்தப் படிவம் கேட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைத் தொட வேண்டும். "பாடநூல்கள் உரிய நேரத்தில் கிடைத்தனவா" என்ற வரியைப் பார்த்ததும் எனக்கு வந்த சிரிப்பில், சமையலறையிலிருந்த மருமகள் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எங்கிருந்து தொடங்கி எப்படிச் சொல்வது? உனக்கென்றால் தொடங்கவே வேண்டாம். ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நம் தீவுக் கல்லூரிக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. அது இணைந்திருந்த பல்கலைக்கழகமோ கடலுக்கு அப்பால், பிறகு இரண்டு நாள் ரயிலுக்கும் அப்பால் எங்கோ வடக்கே இருந்தது. பாடத்திட்டம், கேள்வித்தாள், மதிப்பெண் எல்லாம் கப்பலில் வரும். நாம் எழுதிய விடைத்தாள்கள் கப்பலில் போகும். மழைக்காலத்தில் கப்பல் தாமதித்தால் நம் படிப்பும் தாமதிக்கும். பி.ஏ. வரலாறு படித்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். அதில் பெண்கள் நீயும் நானும்.

நான் டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து இரட்டைப் பின்னலோடு இறங்கி வருவேன். நீ புரோத்ராபூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவாய், மடியில் உன் அப்பா யாருக்காவது கொடுத்தனுப்பிய வெண்டைக்காய்ப் பையோடு. உன் பூட்டனாரை வெள்ளைக்காரன் ஆயுள் தண்டனை கொடுத்துக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தான் என்று அறிமுகமான முதல் நாளே சொன்னாய். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். என்னை விழிக்க வைத்ததில் உனக்கு ஒரே சந்தோஷம். அவர் கொண்டுவந்த தமிழில் உங்கள் வீட்டில் மிஞ்சியது சாமி கும்பிடும்போது சொல்கிற நாலு வரியும் சில குழம்புகளின் பெயரும்தான். மற்றதெல்லாம் ஹிந்தி. என்னோடு பேசிப் பேசி உன் தமிழ் வளர்ந்தது, அதனால் அதில் எங்கள் திருநெல்வேலி வாடை அடித்தது. "அரே, ஏட்டி" என்று ஒரே மூச்சில் கூப்பிடுகிற ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் இருந்திருப்பாய்.

புத்தகத்துக்கு நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? ஐரோப்பிய வரலாற்றுக்கு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அதை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து ஆளுக்கொரு பகுதியைக் கையால் நகலெடுத்து மாற்றிக்கொண்டோம். பாடத்தில் இல்லாத உன் அபிப்பிராயங்களையும் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பாய். நெப்போலியன் தோற்று, உன் பூட்டனாரைப்போலவே ஒரு தீவுக்கு அனுப்பப்பட்ட பக்கத்தில், "இவருக்கும் லோக்கல் ரேஷன் கார்டு கிடைத்திருக்கும்" என்று எழுதியிருந்தாய். நான் அதைப் பரீட்சைக்கு முந்தின நாள் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

அந்தக் கடைசி ஆண்டுப் பரீட்சையில்தான் நமக்கு இடி விழுந்தது. கேள்வித்தாளைப் பிரித்தால் முதல் கேள்வி ஜப்பானைப் பற்றி. இரண்டாவது சீனா. மறுபடி ஜப்பான். நெப்போலியனையும் காணோம், ஐரோப்பாவையும் காணோம். தாள் மாறி வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தாள் சரியானதுதான். பல்கலைக்கழகம் அந்த வருடம் பாடத்திட்டத்தையே மாற்றியிருக்கிறது. அந்தச் செய்தி வந்த தபால் பை எந்தக் கப்பலில் ஏறியதோ, எங்கே இறங்கியதோ, நமக்கு வந்து சேரவில்லை. ஒரு வருடம் முழுக்க, யாரும் கேட்காத ஒரு கண்டத்தை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

பின் வரிசையில் இருந்த பையன்கள் எழுந்துவிட்டார்கள். நீ திரும்பிப் பார்க்காமலே ஹிந்தியில் அவர்களை உட்காரச் சொன்னாய். வெளியே போனால் வரவில்லை என்று குறித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நாம் என்ன சொன்னாலும் எடுபடாது என்றாய். மூன்று மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து ஏதோ எழுதினோம். நான் என்ன எழுதினேன் என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. வெளியே வந்ததும் நீ என்னிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: "ஜப்பான்தான் கேப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா எங்க அப்பாவை அனுப்பியிருப்பேனே. அவர் மூணு வருஷம் நேரா பாத்தவர்." யுத்த காலத்தில் ஜப்பான்காரன் இந்தத் தீவுகளைப் பிடித்து வைத்திருந்த நாட்களைச் சொன்னாய். சொல்லிவிட்டு நீ சிரிக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதலாம் என்று சொன்னது நீ. நடந்ததைச் சொல்லி மறுதேர்வு கேட்பது, விடைத்தாள் கட்டு போகிற அதே கப்பலில் மனுவும் போவது. கல்லூரி முதல்வரும் ஒப்புக்கொண்டு தன் கடிதம் ஒன்றை உடன் வைப்பதாகச் சொன்னார். நீ சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பிறகு நல்ல தாளில் அழகாகப் படியெடுத்தேன். கடைசியில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் போட்டதும் நான்தான். பரீட்சை எண் வரிசைப்படி அவரவர் எண்ணுக்கு எதிரே கையொப்பம் இட வேண்டும். நான் ஐந்தாவது.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். அப்பா அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டு முடித்தார். "பெட்டிஷன்ல உன் பேரு இருந்துச்சுன்னா அது என் ஃபைல்லயும் வந்து உக்காந்துக்கிடும்லா. வேண்டாம்மா." அதட்டவில்லை. கெஞ்சுகிற குரலில் சொன்னார். அப்பா அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மறுநாள் உன்னிடம் முடியாது என்றேன். முக்கால்வாசிப் பையன்களின் அப்பாக்களும் அரசு வேலையில்தான் இருந்தார்கள், ஆனாலும் பையன்கள் எல்லோரும் போடுவதாகச் சொல்லிவிட்டிருந்தார்கள். உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன். "எங்க அப்பாவை எங்கே டிரான்ஸ்பர் பண்ணுவாங்க? எங்க ஃபேமிலியை ஏற்கெனவே ஒரு தடவை பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். ஐந்தாம் எண்ணுக்கு எதிரே காலியாகவே இருந்தது. ஆறாவது ஆள் ஒரு வரி மேலே ஏறிக் கையெழுத்துப் போடப் போனபோது, அவரவர் எண்ணில் போடுங்கள் என்று நீ தடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். முழு மனுவும் என் எழுத்தில், என் பெயர் மட்டும் இல்லாமல், கப்பலேறிப் போனது.

சில மாதங்களுக்குப் பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கப்பல் குலுக்கிய குலுக்கலில் ஆள் பாதியாகியிருந்தார். நம்மை ஒரு வகுப்பறையில் உட்கார வைத்து, முதலில் இந்தக் கல்லூரியில் படிப்பது உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். திருப்தி என்றால் மனு எதற்கு என்பார். இல்லை என்றால் தேர்வு மையத்தையே மெயின்லாண்டுக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயம். நீ எழுந்தாய். நீ ஹிந்தியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

"சார், புத்தகம் லேட்டா வருது. பாடத்திட்டம் வரவே இல்லை. ஆனா இந்தக் காலேஜ் இங்கே வந்ததாலதான் எங்க அப்பா என்னைப் படிக்க விட்டார். கப்பலேறிப் போய்ப் படின்னா விட்டிருக்க மாட்டார். அதனால எனக்குச் சந்தோஷமாவும் இருக்கு, கோபமாவும் இருக்கு. ரெண்டையும் எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். கேட்ட கேள்விக்கு இப்படி உள்ளதை உள்ளபடி பதில் சொல்லலாம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு மனுவை எடுத்தார். மறுதேர்வு உண்டு, ஆனால் கையொப்பமிட்டவர்களுக்கு மட்டும்தான் என்றார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து ஐந்தில் நின்றார். இது ஏன் காலி என்று கேட்டார். வகுப்பே என்னைப் பார்த்தது. பி.ஏ. போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுந்து நின்றேன்.

நீதான் பேசினாய். "சார், நீங்க டிக்கெட்டுக்குக் கப்பல் ஆபீஸ் போயிருப்பீங்க. அங்கே லைன்ல ஆளுக்குப் பதிலா கல்லு வெச்சிருக்கிறதைப் பாத்திருப்பீங்க. வீட்ல ஏதோ வேலைன்னு கல்லு வெச்சுட்டுப் போனவங்க இடத்தை யாரும் எடுக்கறதில்லை. அது இவ இடம். இவ வர்றவரைக்கும் விட்டு வெச்சிருக்கோம்."

அந்தக் கற்களை அவரும் பார்த்திருக்க வேண்டும். தன் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டி, இன்றைய தேதியைப் போட்டு எழுது என்றார். அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. போட்டேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாமே என்றார். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதானே சொல்லியிருப்பீர்கள் என்றேன். ஆமாம் என்றார். இரண்டு மாதத்தில் அவருக்குக் கார் நிகோபார் தீவுக்கு மாற்றல் வந்தது. மனுவால் வந்ததா, முறைப்படி வர வேண்டிய நேரத்தில் வந்ததா, யாருக்குத் தெரியும். நான் கேட்கத் துணியவில்லை. அப்பாவும் அம்மாவும் கப்பலேறினார்கள். மறுதேர்வு முடியும்வரை நான் உங்கள் வீட்டில் தங்கினேன்.

அந்த நாட்களைப்போல் நான் அதற்குப்பின் படித்ததில்லை, சாப்பிட்டதும் இல்லை. அதிகாரி அனுப்பிவைத்த புதுப் புத்தகம் இரண்டே பிரதிகள். பழைய வழக்கப்படி பிரித்து நகலெடுத்தோம். உன் அப்பா தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு, "இன்னைக்கு ஜப்பான் எதுவரைக்கும் வந்தாச்சு?" என்று ஹிந்தியில் கேட்பார். நாம் ஏதாவது அத்தியாயம் சொல்வோம். தலையாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவர் கண்ணால் பார்த்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினொரு பேரும் எழுதினோம், பதினொரு பேரும் தேறினோம். நீ என்னைவிட நாலு மதிப்பெண் அதிகம். அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டினாய்.

உனக்கு வேளாண் அலுவலகத்தில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில். வருடக்கணக்காக என் வகுப்புகளில் அந்தக் கல் கதையைச் சொல்லியிருக்கிறேன். தோழிக்காக இடம் பிடித்து வைத்தவள், கோபமே படாதவள் என்று உன்னைச் சொல்வேன். போன வருடம் நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஊசி போட வந்த நர்ஸிடமும் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். அவள் போனதும் கண்ணைத் திறந்தாய்.

"ஏட்டி, அந்தக் கல்லு கதை அப்போ வாயில வந்தது. இடம் வெச்சதெல்லாம் ஜூட், பொய். உன்மேல அவ்வளவு கோபம் எனக்கு. உன் பேரு இல்லைங்கறது எல்லார் கண்லயும் படணும்னுதான் காலியா விட வெச்சேன்."

பிறகு ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ எந்திரிச்சு நின்னே. உன் மூஞ்சியைப் பாத்தேன். பாக்க முடியலை."

அவ்வளவுதான் சொன்னாய். தண்ணீர் கேட்டாய், கொடுத்தேன். பதினோராம் நாள் போய்விட்டாய்.

ஐம்பது வருடமாக, கோபம் வராத ஒருத்தி என்று நினைத்து உன்னை மதித்து வந்தேன். அது சாதாரண மதிப்பு. என்னை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்த மாதக்கணக்கில் விட்டு வைத்திருந்த இடத்தை, என் முகத்தைப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கே கொடுத்துவிட்டாய் என்று தெரிந்தபின் உன்மேல் எனக்கு உண்டானதை எழுத என் எம்.ஏ. தமிழும் போதாது. ஒன்று மட்டும் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். யார்மேலாவது கோபம் பொங்கும்போது, பேசுவதற்குமுன் அவர்கள் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்க்கிறேன். பாதி நாள் பார்த்த பிறகும் கத்தித்தான் விடுகிறேன். கத்தாமல் விட்ட நாட்களில் எனக்கு உன் ஞாபகம் வருகிறது.