நான் சொல்லாத ஓம்

அன்புள்ள அம்மாவுக்கு, கஜானி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அப்பா வாவிக்கு மீன் பிடிக்கப் போகிறாரா? போனில் சொன்னால் அழுகை வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

கார்மென்ட்டில் புதிதாக வருகிறவர்களுக்குத் தையல் மெஷின் பழக்க வீடியோ ஒன்று செய்திருக்கிறார்கள். மற்ற இடங்களுக்கு அனுப்ப முதல் எங்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் எங்களைப் பழக்குகிற மிஸ், "விளங்கினதா?" என்று கேட்டா. பள்ளிக்கூடத்தில் போல எல்லாரும் ஒன்றாக "ஓம் மிஸ்" என்றார்கள். என் வாய் அசையாததை அவ கண்டுவிட்டா.

"சொல்லு பிள்ளை, என்ன விளங்கல்ல?"

ஊசி விரலில் ஏறினால் எதை முதலில் நிறுத்துவது என்று அதில் இல்லை என்றேன்.

இனி வீடியோவைத் திருத்தி எங்களுக்கே திரும்பக் காட்டப் போகிறார்கள். அதுவரை ஒருவருக்கும் லீவு இல்லை. கண்ணகை அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்கு வரமாட்டேன் அம்மா. நம்ம ஊர் ஆர்த்திகாவும் வரமாட்டாள். "ஒரு ஓம் சொன்னா வாய் கழண்டா விழுந்திரும்?" என்று கேட்டாள். அதன் பிறகு நாங்கள் தங்கியிருக்கிற அறையில் யாரும் என்னோடு கதைப்பதில்லை.

கூனி இறால் வறுத்து அனுப்புங்கள். கொஞ்சம் கூடுதலாக அனுப்பினால் இவர்களுக்கும் கொடுக்கலாம், வாங்குவார்களோ தெரியாது. வேலைக்கு மணி அடிக்கிறது. ஆர்த்திகாவின் அம்மா கேட்டால், என்னால்தான் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
கஜானி