சுறுமாவின் பின்னங்கால்

2024 ஜூன் 3, திங்கள்

எங்கள் குதிரை சுறுமாவின் பின்னங்கால் மறுபடியும் வீங்கியிருக்கிறது. முள்ளுக்கம்பி கிழித்த அதே இடம். இந்த வருடத்தில் மூன்றாவது தரம். ஒரே இடத்தில் மூன்று தரம் சீழ் கட்டுமா? யாரோ வேலை காட்டுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை கடற்கரையில் றஸ்மி குனிந்து அவள் காலைத் தடவிக்கொண்டு நின்றான். கண்ணால் கண்டேன். அவனும் குதிரை வைத்துப் பிள்ளைகளை ஏற்றுகிறவன்தான், ஆனால் பிள்ளைகள் ஓடி வருவது எங்கள் சுறுமாவிடம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் இரண்டு கிழமை. அவனுக்கு அந்தக் காலில் என்ன வேலை?

ஜூன் 5

பிரிட்ஜில் இருந்த மருந்தை இரண்டு நாளாக ஏற்றுகிறேன். ஊசியைக் கண்டாலே என் கணவர் பர்ஹானுக்குத் தலை சுற்றும், வெளியே போய்விடுவார். ஆணாம்! குத்துவது எப்போதும் நான்தான்.

முதல் தரம் மூன்றே நாளில் புண் காய்ந்தது. இப்போது அசையவில்லை. மிருக டொக்டர் கேதீஸ்வரன் தண்ணீரை அடைத்துத் தந்துவிட்டாரோ?

ஜூன் 7

டொக்டர் வந்தார். சீழைப் பஞ்சில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறாராம்.

“போன ரெண்டு தரமும் எத்தின நாள் போட்டீங்க, தங்கச்சி?”

“நீங்க சொன்ன ஏழு நாளும்தான், டொக்டர்.”

கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பவும் கேட்டார். என்னை ஏன் விசாரிக்கிறார்? தன் மருந்தை விசாரிக்கட்டுமே.

ஜூன் 11

றஸ்மி சுறுமாவுக்கு ஒரு பை தவிடு கொடுத்தனுப்பியிருந்தான். குப்பையில் கொட்டினேன்.

ஜூன் 14, வெள்ளி

பரிசோதனை முடிவோடு டொக்டர் வந்தார். ஏழு மருந்துகளின் பெயர். ஆறுக்கு அந்தக் கிருமி சாகாதாம். நான் ஏற்றிக்கொண்டிருந்ததுதான் முதலாவது.

“மருந்துல பிழை இல்ல, தங்கச்சி. புண் காய்ஞ்சாலும் உள்ளுக்குக் கிருமி கிடக்கும். அரைகுறையா விட்டு விட்டுப் போட்டா, தப்பினது அந்த மருந்துக்கே பழகிரும். இதுதான் காரணமெண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. ஆனா அப்பிடித்தான் கூடுதலா நடக்கிற.”

ஏழாவது மருந்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அதைக் குளிரில் வைக்கப் போன பர்ஹான் பிரிட்ஜ் கதவோடு நின்றுவிட்டார். தயிர்ச்சட்டிக்குப் பின்னால் பாதி பாதியாக நாலு குப்பி.

“ஏழு நாளும் போட்டனெண்டுதானே சொன்னாய், பஹ்மிதா? அப்ப இது என்ன?”

காய்ந்த புண்ணுக்கு எதற்கு மருந்து? வீண்விரயம் ஹறாம் இல்லையா? சோற்றுப் பருக்கையைக்கூட நான் கொட்டுவதில்லை. அடுத்த தரத்துக்கு உதவும் என்று மூன்றாம் நாளோடு நிறுத்தி, எடுத்து வைத்தேன். இரண்டு தரமும்.

டொக்டர் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 17

பெருநாள். கடற்கரை நிறையப் பிள்ளைகள். சுறுமா எழும்பவில்லை.

ஜூன் 19

சீழ் மூட்டுக்குள் இறங்கிவிட்டது. புது மருந்து பிந்திவிட்டது என்றார் டொக்டர். வேதனைப்படாமல் போகட்டும் என்று கடைசி ஊசியை அவரே போட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். யா அல்லாஹ், அவள் என்னையே பார்த்தாள்.

குழி தோண்ட மிஷின் கொண்டு வந்தது றஸ்மி. யாரும் கூப்பிடவில்லை. சுறுமா நொண்டுகிறாள் என்று பர்ஹானுக்கு முதலில் சொன்னதும் அவன்தானாம். அன்றைக்குக் கடற்கரையில் அதைத்தான் தடவிப் பார்த்திருக்கிறான். நான் அவன் தவிட்டைக் குப்பையில் கொட்டினேனே — அதையாவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 24

பர்ஹான் சாப்பிடுகிறார், தொழப் போகிறார், வருகிறார். என்னோடு கதையில்லை.

ஜூலை 2

மகள் ஜெனூபாவுக்குத் தொண்டைப் புண். ஐந்து நாளுக்குப் பாணி மருந்து தந்தார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று ஐந்தாம் நாள்.

“எனக்குத்தான் சுகமாயிட்டே உம்மா!”

“வாயத் திற.”

கடைசிக் கரண்டியும் உள்ளே போனது. போத்தலைக் கழுவ எடுத்தேன். பர்ஹான் என் கையிலிருந்து அதை வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கி, அடி வரைக்கும் பார்த்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டுப் போனார்.