மாலைக்கண்ணும் பப்பாளியும்

1947 தை 10
பேத்தி தனம் வந்து சேர்ந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். இதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டன. கொண்டுவந்து விட்ட அவள் மாமியார் வாசலிலேயே சொன்னாள்: "இதுவும் தங்கலைன்னா எம் மவனுக்கு வேற பொண்ணு பாத்துடுவோம்ங்க."
மோர் கொடுத்து அனுப்பினேன்.

தை 12
அந்தியில் தனம் சுவரைத் தடவித் தடவி நடக்கிறாள். கேட்டால், "மண்ணெண்ணெ இல்லாம இருட்டா கெடக்கு அம்மாயி" என்கிறாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
மாலைக்கண். மாமியாருக்குத் தெரிந்தால்?

தை 15
பெரம்பலூர் ஆஸ்பத்திரி. நர்ஸம்மா சொன்னாள்: "சத்து இல்ல. ஈரல், கீரை குடுங்க. மாம்பழம் இப்ப வராது, நல்லாப் பழுத்த பப்பாளி குடுங்க."
பப்பாளியா? புள்ளத்தாச்சிக்கா? படர்தாமரைக்கு அதன் பால், மலச்சிக்கலுக்குப் பழம், பூச்சிக்கு விதை - இந்தத் தெருவுக்கே சொல்பவள் நான், அஞ்சாம் வகுப்பு முடித்தவள். இரண்டு துண்டு காய் போட்டால் கிழட்டு ஆட்டுக்கறியே கரைகிறது. கரு எம்மாத்திரம்?

தை 16
ஈரல் கொடுத்தேன், வாந்தி. முருங்கைக்கீரை, அதுவும் வாந்தி. தனம் கொல்லையில் நின்ற பப்பாளி மரத்தைக் காட்டி, "அதுல ஒரு துண்டு குடு அம்மாயி, நாக்கு கேக்குது" என்றாள்.
அரிவாளோடு போய் மரத்தையே சாய்த்துவிட்டேன்.

தை 21
பொழுது சாயக் கிணற்றடியில் விழுந்துவிட்டாள். வயிற்றில் கைவைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அசையுதா? அசையலையே - வாலீசுவரா, இதையாவது விட்டு வையி.
அசைந்தது.

மாசி 2
எழுத ஒன்றுமில்லை. பயம்தான்.

மாசி 14
அந்தி. விளக்கு இன்னும் ஏற்றவில்லை. சிந்திய உளுந்தைத் தனம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷம் வரவில்லை, தோளைப் பிடித்து உலுக்கினேன்.
"என்னத்தடி தின்ன?"
"ஜைனம்பு அக்கா வூட்டுல. தெனம் ஒரு துண்டு. பழுத்தது மட்டுந்தான்."
கையை ஓங்கிவிட்டேன்.
"அடி அம்மாயி. ஓங்குன கை நல்லாத் தெரியுது."

மாசி 15
பின்தெரு ஜைனம்பு வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன். தெருவே கேட்கக் கத்தினேன். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூன்று. அவள் நிதானமாகச் சொன்னாள்: "காயத் தொடமாட்டோம் பெரியம்மா. பழம் மாசமா இருக்கையில எல்லாம் தின்னேன். இந்தா நிக்கிதுங்க, எண்ணிக்கங்க."
நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. கண் வேண்டுமா, கரு வேண்டுமா என்று சாமி என்னிடமா கேட்கும்? தனத்தைத் தடுக்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பங்குனி 20
ஒவ்வொரு காலையும் அவள் சேலையைத்தான் முதலில் பார்க்கிறேன். இன்றும் கறை இல்லை.

சித்திரை 9
ஜைனம்பு வாசலில் நானே போய் நின்றேன். "நல்லாப் பழுத்ததாப் பாத்துக் குடும்மா." அவள் சிரிக்காமல் கொடுத்தாள்.

வைகாசி 19
பெண். தாயும் சேயும் சுகம். மாமியார் மகனோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படி என்ன மருந்துங்க குடுத்தீங்க?" என்றாள்.
"எனக்கென்ன தெரியும்? பின்தெருவுல ஜைனம்புன்னு ஒருத்தி இருக்கா. வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.