கல்யாணப் படத்தின் கண்ணாடி

மகாராணிக்கு,

காபி பிளாஸ்கில் இருக்கிறது. கொல்லைக் கதவின் சாவி என் பழைய செருப்புக்குள்.

நேற்றுச் சாயங்காலக் காற்றில் பக்கத்து வீட்டுத் தொட்டி மூடி பறந்து வந்து, நம் கொல்லையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போனது. என் கண்ணால் பார்த்தேன். ஆனால் பழைய ஜன்னல்களை வைத்து நானும் பையனும் நாற்று வளர்க்கக் கட்டிய கண்ணாடி வீட்டில் ஒரு கீறல் இல்லை. தக்காளி நாற்றெல்லாம் சௌக்கியம். அப்பாடா.

அதன் கடைசி ஓட்டையை அடைக்க நம் கல்யாணப் படத்தின் கண்ணாடியைக் கழற்றியது தப்புதான். அதற்காக மூன்று நாளாகப் பேச்சில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்க, "உங்கப்பாவுக்கு உப்பு வேணுமான்னு கேளுடா" என்று பையனிடம் சொல்கிறாய்.

காலையில் போய்ப் பார்த்தால், அந்தக் கண்ணாடி ஆடாமலிருக்க நாலு ஓரத்திலும் துணி செருகியிருக்கிறது. உன் பச்சைப் புடவைக் கிழிசல். காற்று இவ்வளவு நேர்த்தியாகத் துணி மடித்து நான் பார்த்ததில்லை.

படத்துக்குப் புதுக் கண்ணாடி வெட்டி வாங்கிவரப் போகிறேன். பத்து மணிக்குள் வந்துவிடுவேன்.

சொல்ல மறந்தேன்: மத்தியானம் உப்பு வேணுமா என்று நீயே கேள். வேண்டாவிட்டாலும் வேணும் என்பேன்.