மண்டபத்து மணலில் பொங்கிய பானை

அன்பு மகள் மதுமதிக்கு அம்மா பூமயில் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அய்யா, தம்பி வீரமணி, இப்போது சினையாக இருக்கும் செவலைப் பசு வரைக்கும் எல்லாரும் சுகம். அயர்லாந்தில் நீயும் உன்னைப் பிடித்து ஆட்டுகிற அந்தக் குளிரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உனக்கு ஆஸ்பத்திரியில் மணி அடித்துவிடுகிறது, டூட்டி அம்மா, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிடுகிறாய். வீரமணியோ உனக்கு நாங்கள் ஜெயித்த போட்டோவை அனுப்பிவிட்டு எல்லாம் சொல்லியாச்சு என்கிறான். போட்டோவில் கோப்பை தெரியும், புகை தெரியுமா? பார்சலில் குண்டு மிளகாய்த் தூளும் எள்ளுருண்டையும் வைக்கிறேன், அதோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே படி, நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது.

முதலில் வீட்டுச் சேதி. உன் அய்யாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே மாட்டேன் என்கிறார், கமுதிச் சந்தையில் யாரோ அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். இந்த வருசம் மிளகாய் மோசமில்லை. ஆடிக் காற்று ஓட்டைப் பிய்க்கிற மாதிரி அடிக்கிறது, காயப் போட்ட துணி அடுத்த தெருவில் போய்க் கிடக்கிறது. இந்தக் காற்றுதான் நான் சொல்லப்போகிற கதைக்கே காரணம், அதனால் அதை மறந்துவிடாதே.

நீ பிளஸ் டூ படிக்கும்போது ஒரு மாட்டுப்பொங்கல் அன்றைக்குத் தண்ணீர் நிற்காத நம் கண்மாய்க்குள் பையன்கள் பந்து விளையாடப்போக, பெயர் இல்லாத டீமுக்கு நீதானே 'பொங்கலோ பொங்கல் கால்பந்துக் கழகம்' என்று பெயர் வைத்தாய். மஞ்சள் சட்டையில் நெஞ்சுக்கு நேரே பானையும் இரண்டு பக்கமும் கரும்பும் வரைந்து கொடுத்ததும் நீதான். அன்றிலிருந்து ஆட்டம் என்றால் நம் கோல் கம்பத்துக்குப் பின்னால் பானை ஏறும், பால் பொங்கி வழிந்தால்தான் நம் பையன்கள் கோட்டைத் தாண்டி உள்ளே போவார்கள், கோல் விழுந்தால் ஊரே பொங்கலோ பொங்கல் என்று கத்தும், கரும்பு கிடைக்காத மாசத்தில் கம்பத்தில் சோளத்தட்டையாவது கட்டியிருக்கும். பானைக் கழுத்தில் மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துக் கட்டுவது உன் வேலை. நீ போன பிறகு நான் கட்டுகிறேன், உன் பெயரைச் சொல்லித்தான் முடிச்சுப் போடுகிறேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது என்னவென்றால், இந்த வருசம் பெயர், சட்டை, பானை மூன்றையும் தூக்கிப் போட இருந்தார்கள்.

உன்னோடு படித்த காளிராஜ் இப்போது பி.டி. வாத்தியாராக இருக்கிறான் அல்லவா, அவன்தான் போன வருசத்திலிருந்து நம் டீமுக்குக் கோச். கெட்டிக்காரன், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். அவன் வந்த பிறகுதான் ஆட்டமே ஆட்டமாக இருக்கிறது. மாவட்ட லீக்கில் கீழ் டிவிஷனிலேயே உருண்டுகொண்டிருந்தவர்கள் மேல் டிவிஷனுக்குப் போக ஒரே ஒரு ஆட்டம் பாக்கி என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் வந்த நாளிலேயே, இடைவேளையில் பையன்களுக்கு நான் கொடுக்கிற பொங்கலை நிறுத்திவிட்டான். உங்க பொங்கலைத் தின்னுட்டு ஒருத்தனும் ஓட மாட்டேங்கிறான் பெரியம்மா, ரெண்டாவது பாதியில தூங்குறாய்ங்க என்று சொல்லி, குளுக்கோஸ் தண்ணீரும் ஆரஞ்சுச் சுளையும் கொடுக்க ஆரம்பித்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் நூலகத்து வாசலில் கூட்டம் போட்டு, மேல் டிவிஷன்ல எல்லாரும் யுனைடெட்டு, சிட்டின்னு பேரு வச்சிருக்காய்ங்க, நாம மட்டும் அங்கன போயி ஆடி மாசத்துல பொங்கலோ பொங்கல்னு நின்னா சிரிக்க மாட்டாய்ங்களா என்றான். பேர் 'கமுதி யுனைடெட்', சட்டை நீலக் கலர் என்று படம்கூடப் போட்டு வைத்திருந்தான். உன் தம்பி தலையைக் குனிந்துகொண்டு இருந்தான், கேப்டன் என்று பெயர்தான். உன் அய்யா கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் எழுந்தேன். ஏலே காளிராசு, பானையால நீங்க என்னைக்குத் தோத்தீங்க சொல்லு என்று கேட்டேன். அவன், சரி பெரியம்மா, இந்த ஒரு ஆட்டம் பாப்போம், பானையால ஒரு இடைஞ்சல் வந்து தோத்தோம்னா அன்னைக்கோட பேரு, சட்டை, பானை எல்லாம் போயிரணும், சம்மதமா என்றான். சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன் தாயி, உன்னிடம் மறைப்பானேன். நீ இந்த ஊரை விட்டுப் போனபின் தெருவில் ஒரு பையன் அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனால் எனக்கு நீயே போகிற மாதிரி இருக்கும். அதையும் நீலமாக மாற்றிவிட்டால் நான் எதைப் பார்ப்பேன்?

ஆட்டம் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மண்டபம் ஊரில், அங்கே அகதி முகாமில் இருக்கிற இலங்கைப் பிள்ளைகளின் டீமோடு. அவர்களுக்கும் அதுதான் கடைசி ஆட்டம், ஜெயிக்கிறவர்கள் மேலே போவார்கள். வேனில் நம் பையன்கள், மேலே பானை, சீமைக்கருவேல விறகு, நம் கரிசல் காட்டில் வைக்கிற அதே மூன்று கல். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். நம்மூர் மண் பாறை மாதிரி, கல்லை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். அங்கே மைதானமே கடல் மணல். கல்லை வைக்கிறேன், உள்ளே போகிறது, திரும்ப எடுத்து வைக்கிறேன், திரும்பப் போகிறது. ஒருவழியாகப் பானையை ஏற்றினால் அது உன் அய்யா கல்யாண வீட்டில் சாய்ந்து உட்காருகிற மாதிரி சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வில் மஞ்சள் கட்டிய நூல் கல்லில் உரசி அறுந்து கிழங்கு மணலில் விழுந்தது. காற்றோ கேட்கவே வேண்டாம், தீக்குச்சியை உரசினால் உரசிய சத்தம்தான் மிச்சம். நெருப்பு ஒரு வழியாகப் பிடித்தாலும் சுவாலை பானையைத் தொடாமல் ராமேசுவரம் பக்கம் படுத்துக்கொண்டு போகிறது. நம் பையன்கள் கோட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கிறார்கள். நடுவர் கையில் கடிகாரம். பதினைந்து நிமிசத்துக்குள் உள்ளே இறங்காவிட்டால் முகாம் டீமுக்கே வெற்றி என்று கறாராகச் சொல்லிவிட்டார், அவர் சட்டம் அவருக்கு. காளிராஜ் என்னைப் பார்த்தான். வீரமணி ஓடி வந்து, அம்மா, விட்டுருமா, நாங்க எறங்கிறோம் என்றான். இறங்கியிருக்கலாம்தான். ஆனால் பானையை விட்டுவிட்டு இறங்கினால் அப்புறம் பானை எதற்கு, நீ சொல்லு.

அப்போதுதான் அந்தப் பக்கம் ஆட்டம் பார்க்க உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். கமலாதேவி என்று பெயர், முகாம் டீம் கேப்டன் நிமலனுக்கு அம்மா. வந்து பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னக்கா, இது சோளகக் காத்து, இஞ்ச இப்பிடி வெளியில வச்சா விடியுமட்டும் பொங்காது என்று சொல்லிவிட்டு (நம் ஆடிக் காற்றுக்கு அவர்கள் பேச்சில் சோளகம் என்று பெயராம்), பக்கத்தில் கிடந்த உடைந்த ஹாலோ பிளாக்குகளை எடுத்து வந்து மணலைத் தட்டி அடுப்பாக வைத்துக் கொடுத்தார். மணலில் கிடந்த மஞ்சளை எடுத்துக் கழுவினார், தன் முந்தானை ஓரத்து நூலை உருவிக் கோத்தார். இதை என் மகள் பெயரைச் சொல்லித்தான் கட்டுவேன் என்று நான் சொன்னதும், பிள்ளைக்கு என்ன பேர், எங்க இருக்கிறா என்று கேட்டார். சொன்னேன். மதுமதி என்று உன் பெயரைச் சொல்லி அவரே முடிச்சுப் போட்டார். பிறகு திரும்பி, எடே நிமலன், ஃப்ரீ கிக்குக்கு நிக்கிற மாதிரி எல்லாரும் இதுல வந்து நில்லுங்கோடா, காத்தை மறியுங்கோ என்று ஒரு சத்தம் போட்டார் பார். எதிர் டீம் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடி வந்து தோளோடு தோள் சேர்ந்து சுவர் மாதிரி நின்றார்கள். நாங்கள் தாமதித்தால் அவர்களுக்குத்தானே வெற்றி, நின்றிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதைப் பார்த்ததும் நம் பையன்களும் போய் அந்தச் சுவரில் இடையில் இடையில் நுழைந்துகொண்டார்கள். நம் மஞ்சள் சட்டையும் அவர்கள் பச்சைச் சட்டையுமாக ஒரு வேலி. உள்ளே காற்று செத்தது, தீ எழுந்தது. நடுவர் கடிகாரத்தை உயர்த்துகிற நேரத்தில் பால் நுரைத்துக்கொண்டு மேலே வந்து, கிழக்கே பாம்பன் பாலத்தைப் பார்த்து வழிந்தது மகளே. இரண்டு டீமும் சேர்ந்து பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள்.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. சுவர் கலைந்து ஆட்டம் தொடங்கியதும் காற்று திரும்ப வந்து, அடுப்புப் புகையை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் கோல் காத்துக்கொண்டிருந்த உன் தம்பி கண்ணில் கொட்டியது. அவன் கண்ணைக் கசக்குகிற நேரம் பார்த்து நிமலன் ஒரு உதை விட்டான், பந்து வலைக்குள். காளிராஜ் கோட்டு ஓரத்திலிருந்து திரும்பி பானையைப் பார்த்த பார்வையில் அது வெடிக்காமல் இருந்ததே பெரிது. பானையால் தோற்றால் எல்லாம் போய்விடும் என்று நானே அல்லவா சம்மதித்து வந்திருக்கிறேன். கை அது பாட்டுக்கு அரிசியைப் போட்டது, வெல்லத்தைப் போட்டது, நெய்யை ஊற்றியது, மனசு ஒரு இடத்தில் இல்லை. அந்தக் கலக்கத்தில் நெய் கூடுதலாகவே விழுந்துவிட்டது.

இடைவேளை வந்தது. நம் பிள்ளைகள் போய் ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பானை நிறையப் பொங்கல் மணக்கிறது, தொட ஆள் இல்லை. காற்றை மறித்து நின்ற பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பேன்? கூப்பிட்டேன், வந்தார்கள். வெட்கப்பட்டு ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கினவர்கள், அடுத்த நிமிசம் தட்டை நீட்டினார்கள். நிமலன் மூன்று தரம் வாங்கினான். நடுவரையும் கூப்பிட்டேன், கடமையில் இருக்கும்போது சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன் மதுமதி, என் மனசில் ஒரு சூதும் இல்லை, நன்றிக்குத்தான் கொடுத்தேன். ஆனால் இரண்டாவது பாதியில் என்ன நடந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா. முதல் பாதியில் மான் மாதிரி ஓடின பிள்ளைகள் விருந்து வீட்டு மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார்கள். நிமலன் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான். நம்ம டிராக்டர் ஓட்டுகிற கூத்தையா ஒரு கோல் போட்டான், கொஞ்ச நேரத்தில் அவனே இன்னொன்றும் போட்டான். விசில் ஊதினபோது நாம் ஜெயித்திருந்தோம். கடமை முடிந்த நடுவர் நேராக என்னிடம் வந்து, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

காளிராஜ் மெல்ல வந்தான். எனக்கு அவனைப் பார்த்துச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. பெரியம்மா, நான் வருசம் முழுக்கப் போட்ட பிளானை விட உங்க ஒரு கரண்டிப் பொங்கல் நல்லா வேலை செஞ்சிருச்சு, இனிமே எதிர் டீமுக்கு மட்டும் குடுங்க என்றான். அப்புறம் பேரு என்னலே என்று கேட்டேன். பழைய பேருதான் என்று முனகிவிட்டு, சூடு ஆறாத பானையைத் துண்டால் பிடித்து அவனே வேனில் ஏற்றினான். கமலாதேவியிடம் நான் போய், அம்மா, நான் தெரிந்து செய்யவில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரிசிரி என்று சிரித்து, பரவாயில்லை அக்கா, அடுத்த முறை நான் பொங்கி உங்கட பிள்ளையளுக்குத் தாறன், தப்பி ஓட ஏலாது என்றார். தோற்ற வருத்தம் அவர் முகத்திலும் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. நிமலனுக்கு அடுத்த வருசம் மேல் டிவிஷன் கிடைக்க வேண்டும் என்று நம் மாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறேன், உன் தம்பியிடம் சொல்லாதே.

சரி, நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு படுக்காதே. நைட் டூட்டி முடிந்து வந்தால் போனை நோண்டாமல் தூங்கு. உனக்கு எல்லா நலமும் கிடைக்க வேண்டும், உன் கைபட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்க வேண்டும், நீ நல்லா இருக்க வேண்டும் என்று நானும் உன் அய்யாவும் தினமும் கும்பிடுகிறோம். பார்சலில் அடியில் ஒரு மஞ்சள் சட்டை இருக்கிறது, புதுசு, உன் அளவு. மேல் டிவிஷனில் நம் முதல் ஆட்டம் தை மாதம் மாட்டுப்பொங்கல் அன்றைக்கு நம் கண்மாயிலேயே நடக்கிறது. அந்தத் தேதிதான் வேண்டும் என்று லீக்கில் போய்க் கேட்டு வாங்கியது காளிராஜ்தான். மூன்று பொங்கலாக நீ வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்கிறாய், நானும் சரி சரி என்று சொல்லிக்கொண்டேன். இனிமேல் சொல்லமாட்டேன். உன் பெயரைச் சொல்லி நான் முடிச்சுப் போட்டது போதும், உன்னைப் பார்த்தே இராத ஒரு அம்மாவும் போட்டாயிற்று. லீவை இன்றைக்கே எழுதிக் கொடு. அன்றைக்குப் பானை இருக்கும், பால் இருக்கும், மஞ்சளும் நூலும் தட்டில் இருக்கும், நான் தொடமாட்டேன். நீ வந்து கட்டுகிறவரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன், பால் பொங்காமல் பையன்களும் இறங்கமாட்டார்கள், நடுவருக்கு என்ன பதில் சொல்வது என்பது உன் பாடு.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
நா. பூமயில்